கேட்டுக்கு மேற்கே சஷ்டிகாவின் சத்தம்

சீர்ச் சாமான்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு சண்முகக்கனி தன் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, டெம்போவில் பித்தளை அண்டா ஏறியது, எவர்சில்வர் குடங்கள் ஏறின, பீரோ ஏறியது, கட்டில் நாலு துண்டாகக் கழன்று ஏறியது, அவளுடைய எட்டு வயது மகள் சஷ்டிகாவும் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், அந்தப் பிள்ளையின் சத்தம் மட்டும் ஏறவில்லை, அது அப்பன் வீட்டிலேயே தங்கிவிட்டது. இது நடந்தது கோவில்பட்டியில், ரயில்வே கேட்டுக்கு மேற்கே, ஒரே குழாயை நம்பிப் பதினோரு வீடுகள் வரிசையாக இருக்கிற ஒரு வளவில். நம்ப மாட்டேன் என்கிறவர்கள் நேரே அங்கே போய்க் குழாயடியில் நிற்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆமா, பிள்ள அங்கன இருந்துச்சு, சத்தம் இங்கன இருந்துச்சு, அதுக்கென்ன இப்பம், கொடத்த நகத்துங்க என்பார்கள்.

அவர்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தின்போது பெண் வீட்டார் கொண்டுவந்து இறக்குகிற சாமான் அத்தனைக்கும் நோட்டில் லிஸ்ட் எழுதி வைப்பார்கள். பின்னால் தீர்த்துக்கொண்டு பிரிகிற நிலைமை வந்தால் அதே நோட்டைப் பத்துப் பேர் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும், வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். யார் வாசிப்பது என்பதில்தான் அன்றைக்குச் சண்டை. சண்முகக்கனியின் அண்ணன் திருமலைக்குமார் வாசித்தால் இல்லாததையும் சேர்த்து வாசிப்பான் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் வாசித்தால் இருப்பதையும் முழுங்கிவிட்டு வாசிப்பார்கள் என்றான் திருமலைக்குமார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. அப்போது கூட்டத்தில் யாரோ ஒரு மகராசன், அவன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும், "ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளு பிள்ளதானய்யா, பிள்ள வாசிக்கட்டும்" என்றான். அதுதான் சரி, அதுதான் நியாயம் என்று அத்தனை தலையும் ஆடியது. வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பெற்றவளுக்கும் வரவில்லை, அதைத்தான் அவள் பின்னால் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சஷ்டிகா பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை. வீட்டு நடுவில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று கணீரென்று வாசித்தாள். அண்டா ஒன்று, குடம் மூன்று, தூக்குவாளி இரண்டு, குத்துவிளக்கு ஒரு ஜோடி என்று அவள் சொல்லச் சொல்ல வீடு காலியாகிக்கொண்டே போனது, அவள் நின்ற ஸ்டூலும் லிஸ்டில் இருந்ததால் கடைசியில் இறங்கித் தரையில் நின்று வாசித்தாள். ஒரு இடத்தில் திக்கவில்லை, ஒரு எழுத்துத் தப்பவில்லை. என்னமா வாசிக்கு பிள்ள என்று ரெண்டு பக்கத்து ஆட்களும் மெச்சினார்கள், அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். முடித்ததும் பிள்ளை நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள், மாமன் கையில் கொடுத்தாள், போய் டெம்போவில் ஏறிக்கொண்டாள்.

அண்ணன் வீடு கேட்டுக்குக் கிழக்கே, போகிற வழியில் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது அவள் அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதே நேரத்தில், மேற்கே அந்தக் காலி வீட்டில் சுவரில் சாய்ந்து குந்தியிருந்த அவளுடைய அப்பா வேல்மயிலின் தலைக்கு மேலே, பீரோ இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்த அந்தச் சதுரத்தில் இருந்து, "அம்மா, தண்ணி தவிக்கு" என்று கேட்டது.

வேல்மயில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன், நூலிழை பிசகாமல் இரும்பைக் கடைகிறவன், பேய் பிசாசு என்று பேசுகிறவன் இல்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ என்று பதறி எழுந்து அடுப்படியில் தேடினான், குளியலறையில் தேடினான், வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தான். அந்த நேரம் அடுத்த வீட்டுச் செல்லத்தாய் அவனுக்கு ஒரு தட்டில் சோறு கொண்டு வந்தாள். பீடி சுற்றி நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவள், எதற்கும் அசராதவள். சுவருக்குள்ளிருந்து "உப்புமா வேண்டாம்" என்று பிள்ளை சொன்னதைக் கேட்டாள், தட்டைக் கீழே வைத்தாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஏ கனி, ஒன் பிள்ள அங்கன பேசுதாளா?"

"இல்லக்கா. வந்ததுல இருந்து வாய மட்டும் அசைக்கா. தொண்ட கட்டிருக்கும்னு நெனைக்கேன்."

"தொண்டயும் கட்டல ஒன்னும் கட்டல. சத்தம் இங்கன கெடக்கு. உப்புமா வேண்டாங்கா, வேற என்னமும் குடு."

சண்முகக்கனி திரும்பிப் பார்த்தாள். பிள்ளை தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தட்டில் உப்புமா இருந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பார்களா, போனார்கள். திருநெல்வேலியில் பெரிய டாக்டர் ஒருவர் தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தம் வருகிறது, எங்கே வருகிறது என்பது என் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார். கழுகுமலைக்குப் போய் முருகனுக்கு நேர்ந்தார்கள், கயிறு கட்டினார்கள், நாக்கில் தேன் தடவினார்கள். பிள்ளையை ஒருதரம் இங்க கூட்டிட்டு வந்தா சத்தம் தானா ஒட்டிக்கிடும்லா என்று செல்லத்தாய் சொல்லிப் பார்த்தாள். கூட்டிப்போனால் வேல்மயில் பிடித்து வைத்துக்கொள்வான் என்று திருமலைக்குமார் விடவில்லை. பிள்ளை யாரோடு இருப்பது என்று போட்டிருந்த கேஸ், பிள்ளை அவன் வாசலை மிதித்தால் நிற்காது என்று வக்கீலும் சொல்லிவிட்டார். செத்தாலும் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சண்முகக்கனியே பத்துப் பேர் முன்னால் சபதம் போட்டிருந்தாள், அந்த வீராப்பு வேறு.

ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஜெபசீலி டீச்சர் வாய்ப்பாடு கேட்கிற நேரத்தில் செல்லத்தாய்க்கு ஒரு போன் போட்டுக் காதில் வைத்துக்கொள்வார், பிள்ளை கிளாசில் எழுந்து நின்று வாயசைப்பாள், வளவுச் சுவரில் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கேட்கும், செல்லத்தாய் அதைக் கேட்டு அப்படியே டீச்சரிடம் சொல்வாள், டீச்சர் சரி போட்டுவிட்டு உட்காரச் சொல்வார். முதல் ஒரு வாரம் மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தன, அப்புறம் அவர்களுக்கும் அலுத்துவிட்டது. வளவில் பெண்கள் அவளை வைத்தே நேரம் பார்க்கத் தொடங்கினார்கள்: பிரார்த்தனைப் பாட்டுக் கேட்டால் குழாயில் தண்ணீர் நிற்கப் போகிறது என்று அர்த்தம், "மிஸ், ஒன்னுக்குப் போணும்" என்று கேட்டால் உலை வைக்கிற நேரம். அவள் இருமினால் கோடி வீட்டுக்காரி கசாயம் போட்டுக் கேட்டுக்குக் கிழக்கே கொடுத்தனுப்பினாள். அடுத்த தெருவில் இருந்து பார்க்க வந்தவர்களை, இது என்ன பொருட்காட்சியா என்று செல்லத்தாய் விரட்டிவிட்டாள்.

சொந்த மகளுக்குப் பசிக்கிறது என்பதைச் சண்முகக்கனி அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும், தலை வலிக்குதாம், பென்சிலைக் காணமாம், கூடப்படிக்கிற பிள்ள கிள்ளி வச்சுட்டாளாம் என்று செல்லத்தாய் சொல்வாள். எழுதிக் காட்டுடி தங்கம் என்று நோட்டைக் கொடுத்துக் கெஞ்சினால் பிள்ளை பள்ளிக்கூடப் பாடத்தை மட்டும் எழுதினாள், தன்னுடையது என்று ஒரு வரி எழுத மாட்டேன் என்றாள். மகள் வாயசைக்கும்போது அவள் முகத்தோடு முகம் வைத்துக் காதை உதட்டில் ஒட்டிக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மூச்சு மட்டும் சூடாக வரும். அம்மா என்று கூப்பிட்ட சத்தம் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடுமோ என்று பயம் பிடித்து ஆட்டியது அவளை.

"நீங்க ரெண்டு பேரும் பண்ணுன வேலதான இது" என்று செல்லத்தாய் ஒருநாள் போனிலேயே வெடித்தாள். "ஒன்ற வருசமா ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, அப்பாட்ட கேளு கரண்ட் பில்லு கட்டியாச்சான்னு, அம்மாட்ட சொல்லு சோறு வேண்டாம்னுன்னு, பிள்ள வாயத்தானடி தேச்சுத் தேச்சுப் பேசுனீங்க. அது எங்கன இருக்கணும்னு அதுக்கே தெரியல."

செல்லத்தாய் இன்னொன்றும் சொன்னாள். அதைச் சண்முகக்கனி கேட்காதது மாதிரி இருந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டு அன்றன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்கிறாள், கிழக்கே அண்ணன் வீட்டுக் கொல்லையில் தனியாக நின்று வாயசைக்கிறாளே அது அதுதான். வேல்மயில் பட்டறையை விட்டு ஐந்தரைக்கே ஓடி வந்து, கையில் கிரீஸ்கூடக் கழுவாமல், அந்தச் சுவர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். பதில் சொல்ல அவனுக்கு வழி இல்லை. சண்முகக்கனி போனில் அவன் நம்பரைத் திருமலைக்குமார் பிளாக் பண்ணி வைத்திருந்தான், வேல்மயிலுடைய வக்கீலும் வாயைத் திறக்காதே, பிள்ளை பேசுவதை ரெக்கார்டு மட்டும் பண்ணு, கேசுக்கு ஆகும் என்று சொல்லியிருந்தார். "ஒங்கப்பா கேட்டுக்கிட்டுதான் இருக்காருன்னு பிள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லீரு கனி, அது பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கி" என்றாள் செல்லத்தாய். சண்முகக்கனி சொல்லவில்லை. சத்தம்தான் அவனிடம் போய்விட்டது, அப்பா கேட்கிறார் என்று தெரிந்தால் உடம்பும் எழுந்து பின்னாலேயே போய்விடுமே, அப்புறம் எனக்கு என்ன மிச்சம் என்று நினைத்தாள். கொல்லையில் நிற்கிற பிள்ளையை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், பார்த்துவிட்டு வெங்காயம் உரிப்பாள். இப்படி நாலு மாதம்.

இதற்கு நடுவில் திருமலைக்குமார் சும்மா இருந்தானா, இல்லை. சாமான்களில் ஒன்று திரும்பி வரவில்லை, குரல், பெண் குழந்தையுடையது, எண்ணிக்கை ஒன்று என்று போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தான். அடையாளம் என்ன என்று ஏட்டு கேட்டார், கணீரென்று இருக்கும் என்றான், அவரும் எழுதிக்கொண்டு ரசீது கொடுத்தார். குரல் தானாக வந்து தங்கியிருக்கிறது, பிள்ளைக்கு எங்கே இருக்கப் பிரியம் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா என்று வேல்மயில் பக்கத்தில் பதில் மனு போட்டார்கள். ரெண்டு மனுவும் கோர்ட்டுக்குப் போயின. நீதிபதி அம்மா ரெண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அன்றைக்குச் சஷ்டிகாவுக்கு இரட்டைச் சடை போட்டுப் புது கவுன் போட்டுக் கூட்டிப்போனார்கள். வேல்மயில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவனைப் பார்த்தாள், அவனும் பார்த்தான், நடுவில் வக்கீல்கள் நின்றார்கள். வேல்மயிலின் வக்கீல் எழுந்து, குழந்தையின் விருப்பத்தைக் குழந்தையின் குரலிலேயே கேட்கலாம் என்று சொல்லி ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்து அமுக்கினார். "அப்பா, இன்னைக்கு அம்மா என்ன அடிச்சிட்டா. நான்தான் பால கொட்டிட்டேன். நீ எப்ப வருவ? அப்பா, ஒனக்குக் கேக்குதா இல்லியா?"

நாலு மாதத்துக்குப் பிறகு தன் சத்தத்தைப் பிள்ளை முதன்முதலாகக் கேட்டாள், அதுவும் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் போனில். சண்முகக்கனியும் அன்றைக்குத்தான் கேட்டாள். ஆனால் அவள் பிள்ளையைத்தான் பார்த்தாள். அப்பாவுக்கு அத்தனையும் கேட்டிருக்கிறது, நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறது, கேட்டுக்கொண்டே பதில் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்பது அந்த எட்டு வயது முகத்தில் மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்தாள். வேல்மயில் தரையைப் பார்த்தான். பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்தாள், ஒனக்கும் தெரியுமா என்பது மாதிரி. சண்முகக்கனி அவள் பார்வைக்கு நிற்க முடியாமல் கவுனின் பட்டனைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டாள். யாரோடு இருக்கப் பிரியம் கண்ணு என்று நீதிபதி அம்மா கேட்டார். பிள்ளை உதட்டை இறுக்கி மூடினாள். போனைப் பிடித்துக்கொண்டு செல்லத்தாய் வளவுச் சுவர் முன்னால் காத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். வழக்கைத் தள்ளி வைத்தார்கள்.

அன்றிலிருந்து சுவரில் சத்தம் இல்லை.

பிள்ளை வாயையே அசைக்கவில்லை. தட்டில் போட்டதைத் தின்றாள், கூப்பிட்டால் வந்தாள், சாயங்காலம் கொல்லைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வாய்ப்பாடு கேட்டால் எழுந்து நின்று கரும்பலகையைப் பார்த்தாள். வளவில் ஒரு சாவு விழுந்த வீட்டைப் போல எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், ஒருவேளை பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று ரேடியோகூட வைக்கவில்லை. வேல்மயில் பட்டறைக்கே போகாமல் சுவர் முன்னால் உட்கார்ந்தான். சண்முகக்கனி மகளைக் கட்டிக்கொண்டு ஆசை காட்டினாள், மிரட்டினாள், அழுதாள், ஒரு தடவை தோளைப் பிடித்து உலுக்கி, "பேசுடி! அங்கனயாவது பேசித் தொலடி!" என்று கத்தினாள். பிள்ளை அவள் கண்ணீரைப் பாவாடையால் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான். பாவி நான், வாயிருக்கிற பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டேனே என்று அவள் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் செல்லத்தாய் போன் பண்ணினாள். "கனி, சத்தம் கேக்கு. போன்ல சொல்லுத விசயம் இல்ல. ஒன் வீராப்பத் தூக்கி அடுப்புல போட்டுட்டு வந்து கேளு."

அவள் கம்பெனியில் சொல்லக்கூட இல்லை, தலையில் கட்டிய துணியோடு ஓடினாள். மிதிக்க மாட்டேன் என்ற வாசப்படியை மிதித்தாள், மிதித்தது அவளுக்கே தெரியவில்லை. உள்ளே அடுப்புப் பற்றவைத்த அடையாளம் இல்லை. வேல்மயில் தாடியும் அழுக்குச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தான், அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். வெள்ளைச் சதுரத்தில் இருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது, சின்னதாக, அவசரமில்லாமல், தனக்குத்தானே.

"அண்டா ஒன்று. குடம் மூன்று. தூக்குவாளி இரண்டு. குத்துவிளக்கு ஒரு ஜோடி. சம்புடம் ஆறு…"

நோட்டு திருமலைக்குமாரின் பீரோவில் பூட்டி இருந்தது. பிள்ளை மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்தாள். கட்டில், மெத்தை, தலையணை நான்கு, ஸ்டூல் என்று ஒன்று விடாமல் கடைசிவரை போய் நின்றாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "வரல. எம் பேரு இதுலயும் வரல. எங்கயோ விட்டுட்டேன். முதல்ல இருந்து பாப்போம்" என்று சொல்லிவிட்டு, "அண்டா ஒன்று" என்று ஆரம்பித்தாள்.

"காலையில இருந்து இது ஒம்பதாவது தடவ" என்றான் வேல்மயில். கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்தில் நேராக அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

ஸ்டூல்மேல் நின்று கணீரென்று வாசித்தாளே, வாசித்தபோதெல்லாம் தன் பெயர் எந்தப் பக்கத்தில் வரும், யார் கையில் தன்னை எடுத்துக் கொடுப்பார்கள் என்று தேடிக்கொண்டே வாசித்திருக்கிறாள். பத்துப் பேர் மெச்சிக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் தூக்குவாளி ரெண்டும் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகக்கனி வாயில் சேலையை அடைத்துக்கொண்டாள். தங்கமே, என் ராசாத்தியே என்று சுவரைத் தடவினாள், சுவருக்குக் காது இல்லை, காது கேட்டுக்குக் கிழக்கே இருந்தது.

"நான் பிள்ளைட்டப் போறேன்" என்றாள் எழுந்து. "நீங்க இங்கனயே இருங்க. நான் போன் பண்ணுவேன், எடுக்கணும். அவ சொல்லுதத எனக்குச் சொல்லணும். வக்கீலு அது இதுன்னீங்கன்னா கொன்னே போட்டுருவேன்."

"சரி" என்றான் அவன்.

கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, முடியவே முடியாதோ என்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு பெட்டியையும் நாசமாய்ப் போக என்று திட்டினாள், பக்கத்தில் பைக்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட் ஏறியதும் ஏறாததுமாகக் குனிந்து நுழைந்து ஓடினாள், வழியில் ஒரு செருப்பு கழன்றது, நிற்கவில்லை. அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

சண்முகக்கனி போனில் பிளாக்கை எடுத்துவிட்டு அவன் நம்பரைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். போனைக் காதில் அமுக்கிக்கொண்டு மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள். ஓடி வரும்போது அவள் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள், நீ சாமான் இல்லடி, நீ எங்க உசுருடி என்றெல்லாம். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றும் வரவில்லை.

"நீ எங்கயும் விடலடி" என்றாள். "ஒம் பேரு அதுல இல்ல. நாங்க எழுதல. சண்டை போடுத வேகத்துல ஒன்ன மறந்துட்டோம் தாயி. நானும் மறந்துட்டேன், ஒங்கப்பாவும் மறந்துட்டாவ. ஒன்ன வாசிக்கச் சொன்னது எங்க தப்பு. நீ வாசிச்சதால ஒன்னும் போகல, நாங்கதான் போக்கடிச்சோம். ஒங்கப்பா தெனமும் சுவத்துக்கு முன்னால ஒக்காந்து நீ சொல்லுத எல்லாத்தையும் கேட்டாவ. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே நான் ஒங்கிட்டச் சொல்லல."

உதடு நின்றுவிட்டது. பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனுக்குள் வேல்மயில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன சொல்லுதா?" என்று போனில் கேட்டாள்.

"ஒன்னும் சொல்லல."

காத்திருந்தார்கள். அடுத்த வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டினார்கள், அது நிற்கிறவரை சண்முகக்கனி மூச்சு விடவில்லை. அப்புறம் உதடு லேசாக, ஒரு சொல்லுக்கு மட்டும், அசைந்தது.

"'அப்பாவா?'ங்கா" என்றான் வேல்மயில்.

சண்முகக்கனி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மறுபடி பிள்ளையின் உதடு அசைந்தது.

"'அப்பா சாப்ட்டாவளா'ங்கா" என்றான். அதைச் சொல்லிவிட்டு அந்த ஆம்பிளை தேம்பினான். "சாப்ட்டேன்னு சொல்லு கனி."

"சாப்ட்டாவளாம்" என்றாள் மகளிடம்.

"'நீ?'ங்கா."

"ம். நானும் சாப்ட்டேன்."

மணி மூன்று ஆகியிருந்தது. பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தாள், ஒற்றைச் செருப்பை, தலையில் அவிழ்க்காமல் கிடந்த துணியை. உதடு அசைந்தது, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

"என்ன சொன்னா? ஏங்க? என்ன சொன்னா?"

"'ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு எங்கிட்டப் பொய் சொல்லுதீங்க'ங்கா."

சண்முகக்கனிக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை நிறுத்தவில்லை. உதடு வேகம் பிடித்துவிட்டது, கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கையை ஆட்டி ஆட்டி, யாரையோ ஏசுகிற மாதிரி, நாலு மாதத்தையும் ஒன்றரை வருஷத்தையும் ஒரே மூச்சில் சொல்கிற மாதிரி வாய் திறந்து திறந்து மூடியது, அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"எங்கள ஏசுதா" என்றான் வேல்மயில், குரல் உடைந்து. "ரொம்ப ஏசுதா கனி. ஒன்னையும் சொல்லுதா, என்னையும் சொல்லுதா. கேக்க முடியல."

"கேளுங்க" என்றாள் அவள். "கேட்டு எங்கிட்டச் சொல்லுங்க. மாத்தாதீங்க, முழுங்காதீங்க, அவ சொன்ன மாதிரியே ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லுங்க."

அவன் சொல்ல ஆரம்பித்தான்.